உங்கள் குரல் எத்தனை கட்டை? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

பாட ஆசை இல்லாதவர்கள் மிகக் குறைவு. குளிக்கும்போது பாடுகிறோம், களை எடுக்கும்போது பாடுகிறோம், பைக்கில் தனியாகப் போகும்போது பாடுகிறோம். ஆனால் யாராவது ஒரு மைக்கை நீட்டினால் மட்டும் ஓரடி பின்னால் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே ஒருமுறை பின்வாங்காமல் மேடை ஏறினேன். அதனால் ஊர் முன்னே தலைகுனிந்தேன். ஏன் அப்படி நடந்தது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னது ஒரு பாட்டு வாத்தியார் அல்ல. நான் கணக்கு எழுத செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதை என்ன செய்வது என்று யோசித்துக் கொண்டிருக்கும் வாசகர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

மேடையில் என்ன நடந்தது?

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. சாமையும் புளியும் வாங்கி விற்கும் சிறு வியாபாரம் என்னுடையது. மாரியம்மன் திருவிழாவில் கீழேயிருந்து வந்த ஒரு பாட்டுக் குழுவினர் கச்சேரி செய்தார்கள். நடுவில், "உள்ளூரில் யாராவது பாடுகிறீர்களா?" என்று கேட்டதும் நண்பர்கள் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஆர்மோனியக்காரர் என்னைப் பார்த்து, "எத்தனை கட்டை, தம்பி?" என்றார். எனக்குப் புரியவில்லை. "தெரியாதுண்ணே, நீங்க வாசிங்க" என்றேன். அதற்கு முன் பாடிய அம்மாவுக்கு வைத்த சுருதியிலேயே அவர் ஆரம்பித்தார். பல்லவி எப்படியோ போய்விட்டது. சரணத்தில் மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டைப் பாதியில் விட்டு இறங்கினேன். "நமக்குக் குரல் இல்லை" என்று நானே முடிவு செய்து, அதற்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

என்னை மாற்றிய புரோகிராம்

லேப்டாப் வாங்கிய பின், வேறு ஒரு வேலைக்காக ஆடாசிட்டி என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்தேன். ஒலியைப் பதிவு செய்யவும் திருத்தவும் பயன்படும் இந்த புரோகிராம் முற்றிலும் இலவசம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் என்ற இருவர் தொடங்கி, 2000-ம் ஆண்டு வெளியிட்டது இது. இன்றும் புதிய பதிப்புகள் வந்து கொண்டிருக்கின்றன. எங்கள் மலையில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆடாசிட்டிக்கு, ஒருமுறை டவுன்லோடு செய்துவிட்டால் பிறகு இன்டர்நெட் தேவையில்லை. போளூர் போனபோது நண்பர் ஒருவர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். நீங்கள் டவுன்லோடு செய்வதாக இருந்தால் ஆடாசிட்டியின் சொந்த இணையதளத்திலிருந்தே செய்திடவும். வேறு தளங்களில் கூடவே வேண்டாத புரோகிராம்களும் வந்து சேரும்.

புரோகிராமைத் திறந்தால் மேலே சிவப்பு வட்டம் கொண்ட பட்டன் தெரியும். அதுதான் ரெக்கார்ட் பட்டன். அதில் கிளிக் செய்து பாடுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நின்றுவிடும். மீண்டும் தட்டினால் நீங்கள் பாடியது கேட்கும். அவ்வளவுதான், உங்கள் முதல் ரெக்கார்டிங் தயார்!

கேட்டவுடன், "இது என் குரலே இல்லை" என்று தோன்றும். எல்லாருக்கும் இப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதை அடைகிறது. எலும்பு வழியே வரும் ஒலி குரலைக் கனமாகக் காட்டும். ரெக்கார்டிங்கில் அது இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் கேட்பது இந்தக் குரலைத்தான். ஒரு வாரம் தொடர்ந்து கேட்டால் பழகிவிடும். தயவுசெய்து முதல் நாளே பைலை டெலிட் செய்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.

கட்டை என்றால் என்ன?

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை இடமிருந்து வலமாக எண்ணுங்கள். மேற்கத்திய முறையில் சி எனப்படும் ஸ்வரம் 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது என்பதால் மூன்றரைக் கட்டை இல்லை. நீங்கள் எந்தக் கட்டையை "ச" என்று வைத்துப் பாடுகிறீர்களோ, அதுவே உங்கள் சுருதி. ஆண்கள் பலருக்கு 1 கட்டையை ஒட்டியும், பெண்கள் பலருக்கு 5, ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் இது அமைகிறது. ஆனாலும் ஆளுக்கு ஆள் மாறும்.

உங்கள் கட்டையைக் கண்டுபிடிக்கும் வழி

1. ஹெட்போனுடன் இணைந்த மைக் இருந்தால் போதும். மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் "ப" வரும் இடமெல்லாம் காற்று மோதும் சத்தம் கேட்கும். தனி மைக் என்றால் ஒரு சாண் தள்ளி வைத்திடவும்.

2. ரெக்கார்ட் செய்து, "ஆ" என்று தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்குங்கள். குரல் கரகரக்காமல், சிரமமின்றித் தெளிவாக நிற்கும் கடைசி இடத்தில் ஐந்து வினாடி நீட்டி நிறுத்துங்கள்.

3. அந்த நீட்டிய பகுதியை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். பின்னர் மெனுவில் அனலைஸ் சென்று பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதில் கிளிக் செய்திடவும். மலை முகடுகள் போல ஒரு படம் கிடைக்கும். அதில் சைஸ் என்ற இடத்தில் 16384 என்று தேர்ந்தெடுத்தால் அளவு துல்லியமாக இருக்கும்.

4. இடது பக்கமிருந்து வரும் முதல் பெரிய முகட்டின் மேல் மவுஸ் கர்சரைக் கொண்டு போங்கள். கீழே பீக் என்ற இடத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற எண்ணும், அந்த ஸ்வரத்தின் மேற்கத்தியப் பெயரும் தெரியும். அடுத்தடுத்து உள்ள முகடுகள் அதே ஒலியின் மேல் அடுக்குகள். அவற்றில் ஒன்று முதல் முகட்டைவிட உயரமாக இருந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது.

5. இந்த எண்ணை 0.75-ஆல் வகுத்திடுங்கள். விண்டோஸில் உள்ள கால்குலேட்டரே போதும். கிடைக்கும் விடைதான் உங்கள் "ச" இருக்க வேண்டிய இடம். ஏன் 0.75? கீழ் ஸ்தாயியில் உள்ள "ப", நடு "ச"வின் முக்கால் பங்கு. பாட்டுகள் கீழே இறங்கினால் அந்தப் "ப" வரையாவது நமக்கு எட்ட வேண்டும் என்பதே கணக்கு.

எனக்கு 98 ஹெர்ட்ஸ் வந்தது. 0.75-ஆல் வகுத்தால் 130.7. ஆண்களுக்கான 1 கட்டை 130.8 ஹெர்ட்ஸ். ஆக, நான் 1 கட்டைக்காரன்! ஒன்றரைக் கட்டை 138.6, இரண்டு கட்டை 146.8 ஹெர்ட்ஸ். பெண்களுக்கு 5 கட்டை 196, ஐந்தரை 207.7, ஆறு 220 ஹெர்ட்ஸ். உங்கள் விடை எதற்கு மிக அருகில் வருகிறதோ, அதை எடுத்துக் கொள்ளலாம். மேலே பாடும்போது குரல் இறுகினால் அரைக் கட்டை இறக்கிக் கொள்ளுங்கள். கணக்கைவிட உங்கள் தொண்டை சொல்வதே முக்கியம்.

அன்று மேடையில் நடந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆர்மோனியம் 5 கட்டையில் இருந்தது. அதாவது, என்னுடைய "ப" இருக்கும் இடத்தில் பாட்டின் "ச" தொடங்கியது. சரணத்தில் நான் எட்ட வேண்டியிருந்த ஸ்வரம் கிட்டத்தட்ட 490 ஹெர்ட்ஸ். என் குரலால் அங்கே போகவே முடியாது. எனக்குக் குரல் இல்லாமல் இல்லை. கேள்விக்குப் பதில்தான் இல்லாமல் இருந்தது. எங்கள் மலையில் காவலூரில் ஒரு வானியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்து அது எதனால் ஆனது என்று அறிகிறார்கள். நான் என் தொண்டையைப் பிரித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் ஒரு தம்புரா

கட்டை தெரிந்துவிட்டால் போதாது. அதிலேயே நிற்கப் பழக வேண்டும். இதற்குத்தான் தம்புராவும் சுருதிப் பெட்டியும். மொபைலில் இலவசத் தம்புரா ஆப்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆடாசிட்டியிலேயே ஒன்றை நாமே தயாரிக்கவும் முடியும்.

ஜெனரேட் மெனுவில் டோன் என்பதில் கிளிக் செய்திடவும். ஃப்ரீக்வென்ஸி என்ற இடத்தில் 130.8 என்றும், ஆம்ப்ளிடியூட் என்ற இடத்தில் 0.2 என்றும், டியூரேஷன் என்ற இடத்தில் 10 நிமிடம் என்றும் தந்து ஓகே கொடுங்கள். அடுத்து டிராக்ஸ் மெனுவில் ஆட் நியூ, மோனோ டிராக் என்று சென்று இன்னொரு டிராக்கை உருவாக்கி, அதில் 196.2 ஹெர்ட்ஸில் இதே போல் ஒரு டோன் அமைத்திடவும். இது "ப". மூன்றாவது டிராக்கில் 261.6. இது மேல் "ச". உங்கள் கட்டை வேறு என்றால், உங்கள் "ச"வை ஒன்றரையால் பெருக்கினால் "ப". இரண்டால் பெருக்கினால் மேல் "ச". பிளே செய்தால் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். தம்புராவின் இனிமை இதில் வராது. ஆனால் சுருதி அணுவளவும் விலகாது. லேப்டாப் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது என்பதால் ஹெட்போன் அவசியம்.

இப்போது ஷிப்ட் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால், சுருதி ஹெட்போனில் ஒலிக்க, உங்கள் குரல் மட்டும் புதிய டிராக்கில் பதிவாகும். சினிமாப் பாட்டில் தொடங்க வேண்டாம். கர்நாடக இசையில் எல்லாருக்கும் முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்தப் பாட முறையில்தான் இன்றும் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். யூடியூபில் பல ஆசிரியர்கள் இதைச் சொல்லித் தருகிறார்கள். ஸ, ரி, க, ம என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி, சுருதியோடு ஒட்டுகிறதா என்று கேட்டுக் கேட்டுப் பாடுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். தொண்டை வலித்தால் நிறுத்தி, வெந்நீர் குடித்து, மறுநாள் தொடருங்கள்.

சுருதி இல்லாமல் நான் பாடிய முதல் பதிவை அளந்து பார்த்தேன். தொடக்கத்தில் 131-ல் இருந்த "ச", இரண்டு நிமிடம் கழித்து 124-க்கு வந்திருந்தது. ஏறத்தாழ அரைக் கட்டை இறக்கம்! பாடும்போது எனக்கு அது தெரியவே இல்லை. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் அதே பாட்டை அளந்தேன். முடியும்போது 130-ல் நின்றது. ஆடாசிட்டி என்னைப் பாராட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னது. புதிதாகப் பாடுகிறவனுக்கு அதைவிட நல்ல துணை வேறில்லை.

அம்மாவின் சுருதி

ஒருநாள் விளையாட்டாக, அம்மா களை எடுக்கும்போது பாடுகிற பாட்டைப் பதிவு செய்தேன். வேறு வேறு நாட்களில் மூன்று முறை. அளந்து பார்த்து அசந்து போனேன். மூன்று நாளும் பாட்டு தொடங்கிய இடம் 220 ஹெர்ட்ஸை ஒட்டியே இருந்தது. அம்மா சுருதிப் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை. "இதுல என்னடா இருக்கு, எங்கம்மா எடுக்கற மாதிரி எடுக்கறேன்" என்றார்.

இங்கே இன்னொரு மலையைச் சொல்ல வேண்டும். கோவைக்கு அருகே, கேரள எல்லையில் உள்ள அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா, இருளர் சமூகத்துப் பெண்மணி. முறையான சங்கீதப் பயிற்சி பெற்றவர் அல்ல. 2020-ல் வெளியான "அய்யப்பனும் கோஷியும்" படத்தில் தம் மொழியில் தாமே எழுதிப் பாடினார். 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. கொடுத்த சுருதியில் அவரால் பாட முடியாது என்று ஓர் இசைக் கலைஞர் குறை சொன்னார். பலர் நஞ்சியம்மாவுக்கு ஆதரவாக நின்றார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான். சுருதி எல்லாருக்கும் உள்ளே இருக்கிறது. ஆனால் நாலு வாத்தியக்காரர்களுடன் சேர்ந்து பாட வேண்டும் என்றால், நம் சுருதி எது என்று அவர்களிடம் சொல்லத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இத்தனை கணக்கும்.

கரோக்கியும் கட்டையும்

கரோக்கி டிராக்குகள் பெரும்பாலும் பாடகர் பாடிய அதே சுருதியில் இருக்கும். அது உங்களுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை. டிராக்கை ஆடாசிட்டியில் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுங்கள். எஃபெக்ட் மெனுவில் பிட்ச் அண்ட் டெம்போ சென்று சேஞ்ச் பிட்ச் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு விண்டோ கிடைக்கும். அதில் செமிடோன்ஸ் என்ற இடத்தில் மைனஸ் 2 என்று கொடுத்தால் இரண்டு கட்டையில் இருப்பது ஒரு கட்டைக்கு வந்துவிடும். பாட்டின் வேகம் மாறாது. கடினமான சங்கதிகளைக் கற்க, அங்கேயே உள்ள சேஞ்ச் டெம்போ மூலம் வேகத்தை மட்டும் குறைக்கலாம்.

பாடியதை மற்றவர்களுக்கு அனுப்ப, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ கொடுத்து எம்பி3 என்று சேமித்திடவும். அனுப்பும் முன் ஒரு சின்ன வேலை. பாடத் தொடங்கும் முன் மூன்று வினாடி சும்மா இருந்து பதிவு செய்திருந்தால், அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்ஷனில் கெட் நாய்ஸ் புரொஃபைல் கொடுங்கள். பின்னர் முழுவதையும் தேர்ந்தெடுத்து மீண்டும் நாய்ஸ் ரிடக்ஷன் சென்று ஓகே கொடுத்தால் ஃபேன் இரைச்சல் பெருமளவு குறையும். அளவுக்கு மீறிப் போட்டால் குரலும் தண்ணீருக்குள் பேசுவது போல் ஆகிவிடும். கவனம். சினிமாப் பாட்டைப் பாடி யூடியூபில் ஏற்றினால் அதன் உரிமையாளர் உரிமை கோரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேடைக்கு எங்கே போவது?

கம்ப்யூட்டர் காதைப் பழக்கும். மூச்சையும் பாவத்தையும் திருத்த ஆசிரியர்தான் வேண்டும். தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை நடத்துகிறது. எங்கள் மாவட்டத்துப் பள்ளி திருவண்ணாமலையில் உள்ளது. பிள்ளைகள் உள்ளவர்கள் அங்கே விசாரிக்கலாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவிலும் பாட்டுப் போட்டிகள் உண்டு. ஜமுனாமரத்தூரில் நடக்கும் கோடை விழாவில் கலை நிகழ்ச்சிகள் இருக்கும். வானொலியில் பாட விரும்பினால் ஆகாசவாணியின் குரல் தேர்வு இருக்கிறது. தேர்வாகும் கலைஞர்களுக்கு பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுப்பார்கள்.

இதற்கெல்லாம் முன், பத்துப் பேர் முன்னால் பாடுங்கள். மார்கழி பஜனை, கல்யாண வீடு எதுவானாலும் சரி. எஸ்.பி. பாலசுப்ரமணியம் முறைப்படி சங்கீதம் படித்தவர் அல்ல. இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது பாட்டுப் போட்டிகளில் பாடித்தான் 1966-ல் சினிமாவுக்குள் வந்தார். எங்கள் மாவட்டத்தில் செய்யாறு பக்கம் உள்ள புரிசை, தெருக்கூத்துக்குப் பெயர் பெற்ற ஊர். கூத்துக்காரர்கள் விடிய விடியப் பாடி ஆடுகிறார்கள். அந்தத் தெம்பு ஜனங்கள் முன்னால் நின்று நின்று வருவது. அதை எந்த சாப்ட்வேரும் தராது.

மீண்டும் அதே மேடை

போன வருடத் திருவிழாவுக்கு அதே குழுவினர் வந்தார்கள். யாரும் தள்ளிவிடாமல் நானே போய் நின்றேன். ஆர்மோனியக்காரருக்கு என்னை நினைவில்லை. நல்லதாகப் போயிற்று.

"எத்தனை கட்டை, தம்பி?"

"ஒண்ணுண்ணே."

கட்டையை அழுத்திக் காட்டினார். என் வீட்டு லேப்டாப்பில் ஆறு மாதமாக நான் கேட்ட அதே "ச". இரண்டாவது சரணத்தில் ஒரு வரி மறந்து போய் ஆர்மோனியத்தைக் கொஞ்சம் காத்திருக்க வைத்தேன். மூச்சும் ஓரிடத்தில் போதவில்லை. ஆனால் குரல் பிளக்கவில்லை; பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். யாரும் விசில் அடிக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. "அடுத்த வருஷம் ரெண்டு பாட்டு எடுத்துக்க, தம்பி" என்றார் ஆர்மோனியக்காரர்.

உங்கள் கம்ப்யூட்டரில் மைக் இருக்கிறது. இன்று இரவே ஆடாசிட்டியைத் திறந்து உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள். யாராவது கேட்கும்போது பதில் தயாராக இருக்கட்டும்.